புது பேட்டரி போட்ட குற்றம்

நான் முன்பு வாசித்த இசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கேசட்டில் கேட்கிற மாதிரியே கிட்டார் ஒலிக்க எந்தப் பெடல் வாங்க வேண்டும்? ஒருவர் தாளும் பேனாவுமாகவே வந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு இரண்டு நாள் யோசித்தேன், படிக்க வந்த பிள்ளைகளிடம் ஏன் கோபப்பட்டேன் என்று. கோபம் உங்கள் மேல் இல்லை. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. மகள் எல்.கே.ஜி. போகிறாள். அவளுக்குச் சளி பிடித்தால் அது நான் தலைக்கு ஊற்றியதாலா, ஊற்றாததாலா என்று அரை நாள் யோசிக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் பத்து வருடத்துக்கு மேல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்யாணங்களிலும் பொங்கல் விழாக்களிலும் மேடையேறி எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தேன் என்றால் என் நாத்தனாரே இன்னும் முழுதாக நம்பவில்லை.

அப்போது எங்கள் ஒத்திகை அறையின் நடுவில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதன் மேல் டேப்ரிக்கார்டர். அதுதான் நீதிபதி. குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பார், நல்ல ஞானம் உள்ளவர், அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு வரி வாசித்ததும் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, "இங்க பாரு, இதுல என்ன இருக்கு, நீ என்ன வாசிக்க?" என்று கேட்பார். கேசட்டில் இருப்பதற்கு ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தப்பு. எந்தக் குழு கேசட்டுக்கு மிக அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் கல்யாணச் சீசனில் கிராக்கி. ஊர் வழக்கம் அப்படி. நானும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தேன். கட்டுப்படுவது எனக்குச் சுலபமாக வரும்.

எண்பதுகளின் நடுவில் வந்த பாட்டுகளில் கிட்டார் உறுமும். அதற்கு வெளிநாட்டுப் பெடல் வேண்டும். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் கிடக்கிற சின்னப் பெட்டி அது. காலால் மிதித்தால் ஒலியின் நிறம் மாறும். மதுரையில்கூட அப்போது அது லேசில் கிடைக்காது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். ஒரு பழைய ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டரைக் கழற்றி, லேத் பட்டறையில் ஒரு தகரப் பெட்டி மடித்து வாங்கி, நானே ஒன்று செய்தேன். காதுக்குச் சரியாக வரும்வரை ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிப் பற்றவைத்தேன். பதினெட்டு நாள் ஆயிற்று.

கேசட்டில் இருக்கிற உறுமல் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. கரும்பைக் கடிக்கும்போது நம் காதுக்குள்ளேயே ஒரு சத்தம் கேட்குமே, கரகரப்பும் சாறுமாக, அது மாதிரி. மாஸ்டர் கேசட்டை மூன்று முறை ஓட்டிக் காட்டிவிட்டு, "இது கிட்டாரா, மிக்ஸியில மல்லி அரைக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் அடுத்த மாதம் சோழபுரத்தில் ஒரு கல்யாணத்தில் வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டியோடு வாசித்தபோது, கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வந்தது. பாட்டின் பெயர் இல்லை. "அந்தக் கரகர கிட்டார் வர்ற பாட்டு இன்னொரு தடவை." போகப் போக எல்லா ஊரிலும் அந்தச் சீட்டு வந்தது. எனக்குக் "கரகர அக்கா" என்று பெயரே வந்துவிட்டது. மாஸ்டர் அதன் பிறகு மல்லி அரைக்கிற பேச்சை எடுக்கவில்லை. பாராட்டவும் இல்லை. மேடையில் குழுவினரை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம குழுவோட தனிச் சவுண்டு" என்பார். என் பெயரைச் சொல்ல மாட்டார். எட்டு வருடம் அப்படிப் போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஏழு மாதம் ஆனபோது கிட்டாரை வயிற்றின் மேல் வைத்து வாசிக்க முடியவில்லை. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி எனக்குப் பதிலாக வந்தான். கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கி நேரே ஒத்திகைக்கு வருவான். கை சுத்தம். மாஸ்டர் என் வீட்டுக்கு வந்து, "தாயி, பிள்ள பொறந்து நீ வார வரைக்கும் பெட்டிய மட்டும் குடு. சீட்டு வருதுல்ல, சமாளிக்கணும்" என்றார்.

கொடுத்தேன். எனக்கு யாராவது கேட்டால் இல்லையென்று சொல்ல வராது. வெறுமே கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் குமிழை எங்கே வைக்க வேண்டும் என்று நெயில் பாலிஷால் பெட்டியில் புள்ளி வைத்தேன். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் விளக்கமும் எழுதினேன். பெட்டியைத் துணியால் துடைத்தேன். ஒருவருக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுத்தால்கூட வெறுமையாகக் கொடுக்க மாட்டோம் இல்லையா, ஒரு கை சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், உள்ளே இருந்த பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளை பிறந்து நான்கு மாதம் கழித்து அந்தத் தம்பி ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். தொட்டிலை எட்டிப் பார்த்தான், தண்ணீர் குடித்தான், கிளம்பவில்லை.

"என்ன தம்பி?"

"அக்கா, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. பெட்டிய குடுக்கும்போது உள்ள ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஏன்?"

"அந்தச் சத்தம் வரமாட்டேங்கு. தகரத்த ரோட்ல இழுக்குற மாதிரி வருது. புள்ளி வச்ச எடத்துலதான் வைக்கேன். சீட்டெல்லாம் நின்னு போச்சு." தலையைக் குனிந்துகொண்டான். "மாஸ்டர் எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாராரு. நீங்க இல்லாம குழு நல்லா ஓடிறக் கூடாதுன்னு பொறாமையில உள்ள வயர புடுங்கி வச்சுக் குடுத்தீங்களாம்."

"எல்லார்ட்டயும்னா?"

"ஆலங்குளத்துல வாசிக்கப் போனப்ப, கரகர அக்கா எங்கன்னு கேட்டாங்க. அவியகிட்டயே சொன்னாரு. மைக்லதான் சொல்லல, மத்தபடி எல்லாம் சொல்லிட்டாரு."

எட்டு வருடம் ஒரு நிகழ்ச்சிக்குக்கூடத் தாமதமாகப் போகாதவள் நான். காய்ச்சலோடு வாசித்திருக்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் வந்து கேட்டிருக்கலாம், ஒரு தெரு தாண்டித்தான் வீடு. ஆனால் எனக்குத் தெரியும், இனி எந்தக் குழுவிலும் என்னைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வார்கள். கூட வாசிப்பவர்களுக்கே குழி பறிக்கிறவள் என்ற பெயரோடு யார் என்னை மேடையில் ஏற்றுவார்கள்?

இதோடு, என் புத்தி வழக்கம்போல் என்னையே கேட்டது. கைதவறி ஏதாவது செய்துவிட்டாயா? துடைக்கும்போது ஒரு வயர் விட்டுப் போயிருக்குமோ? நாலு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் போய் நிற்க வேண்டுமா? என் கணவர் மில்லுக்குக் கிளம்பும்போது, "வேணாம்னு நான் சொல்லல. ஆனா போனா அழாம பேசணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் ஆறரை மணிக்கு வரவேற்பு. நான்கு மணிக்கு மைக் டெஸ்ட் செய்வார்கள் என்று தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணிப்பையில் மாற்றுத் துணிகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு, பஸ் ஏறினேன். மண்டபம் போய்ச் சேரும்போது ஆறு ஆகிவிட்டது.

மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "வா தாயி. பந்தி ஏழு மணிக்குத்தான்."

"நான் பந்திக்கு வரல மாஸ்டர். பெட்டியப் பாக்க வந்தேன்."

"நீ வச்ச சூன்யத்த நீயே எடுக்க வந்தியாக்கும்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். மைக்செட் வைக்கும் பாய் ஒருவர்தான், "பச்சப் புள்ளக்காரிகிட்ட இதென்ன பேச்சு மாஸ்டர்? நீங்க பாருங்கம்மா" என்று தன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். எங்கள் குழுவில் பாடும் ஜெயா அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

பெட்டியைக் கவிழ்த்தேன். மூடிக்கு நான்கு திருகாணி. அவற்றின் மேல் நான் துடைத்துக் கொடுத்த பிறகு படிந்த தூசி அப்படியே இருந்தது. ஆறு மாதத்தில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தேன். எல்லா வயரும் இருந்த இடத்தில் இருந்தது. பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியையும் விரலால் அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை. பிறகு பேட்டரி கண்ணில் பட்டது. மேல் உறை மங்காமல், கடையில் வாங்கியது போலவே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது.

அதில் நான் ஒரு நாளும் புது பேட்டரி போட்டதே இல்லை. பெட்டியைச் செய்த காலத்தில் அப்பாவின் கைரேடியோவில் குரல் தேய்ந்துபோன பேட்டரியைத்தான் எடுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் கிரிக்கெட் கேட்டு முடித்துத் தூக்கி எறிகிற பேட்டரி. தூக்கிப் போட மனம் வராத வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான். அதை வெளியே சொல்வதற்கே வெட்கப்பட்டேன், கஞ்சத்தனம் என்பார்களே என்று. ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் நான் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிக் காதுக்குச் சரி செய்தது அந்தத் தேய்ந்த பேட்டரிக்குத்தான். சத்தத்தில் பாதி அந்த பலவீனத்திலிருந்து வந்தது. நோட்டில் இரண்டு பக்கம் எழுதிய நான், அதை எழுதவில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவேன்?

ஆக, மாற்றியது நான்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நான் ஒரு வயரை லேசாகத் தொட்டு, "பற்றவைத்தது விட்டுப் போயிருந்தது, சரி செய்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். பேட்டரியை யாருக்கும் தெரியாமல் மாற்றியிருக்கலாம். யார் மேலும் தப்பு இல்லாமல் முடிந்திருக்கும். புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று இப்போதும் சில நாள் தோன்றும். ஆனால் அந்தத் தம்பி என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இடது கை விரல் நுனி நான்கும் உரிந்து கிடந்தன.

"என்ன தம்பி இது?"

"என் கைதான் சரியில்லன்னு நெனச்சு வீட்ல தெனம் நாலு மணி நேரம் அடிச்சேங்க்கா."

பாயிடம் திரும்பி, "கரண்ட் டெஸ்ட் பண்ற உங்க மீட்டர்ல சின்ன பேட்டரி இருக்குமே, பழசா?" என்று கேட்டேன்.

"இருக்கு, அது செத்துப் போச்சும்மா. முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்கு."

"அதுதான் வேணும்."

"செத்ததா?" என்று கேட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். போட்டேன். தம்பி ஒரே ஒரு கம்பியை மீட்டினான். அந்தக் கரும்புச் சத்தம் மண்டபம் முழுக்க நொறுங்கியது. பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள எந்த வயரும் விடல. குடுக்கும்போது மரியாதைக்குப் புது பேட்டரி போட்டேன். இதுக்குப் பழசுதான் ஒத்துக்கிடும். அது எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றேன்.

மாஸ்டர் எழுந்தார். "கேட்டுக்கிட்டீங்களாப்பா எல்லாரும்? அவளே ஒத்துக்கிட்டா. மாத்தித்தான் குடுத்திருக்கா. நான் சொன்னது பொய்யா?"

அழாமல் பேச வேண்டும் என்று வந்திருந்தேன். அழுகை வரவில்லை. "மாஸ்டர், நான் மாத்துனேன், நெசம். கெடுக்கணும்னு மாத்துனேன்னு எப்படிச் சொன்னீங்க? ஆறு மாசம் பெட்டி உங்க கையிலதான இருந்துச்சு? நாலு திருகாணி. ஒருத்தர் கழட்டிப் பாக்கல. ஒரு தெரு தள்ளி வந்து ஒரு வார்த்த கேக்கல. ஒரு பொம்பள பொறாமைப்படுவான்னு நம்புறது உங்களுக்கு அம்புட்டு சுளுவா இருந்துச்சு, திருகாணியக் கழட்டுறத விட."

"சரி விடும்மா, நல்ல காரியம் நடக்குற எடம்."

"நீங்க ஆலங்குளத்துல சொன்னதும் நல்ல காரியம் நடந்த எடத்துலதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர், "இப்ப என்ன செய்யணுங்க?" என்றார், வேண்டுமென்றே மரியாதையாக.

"இந்த எட்டுப் பேர் முன்னால, அவ கெடுத்துக் குடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆள் வர ஆரம்பிச்சாச்சு, எடத்துக்குப் போங்கப்பா" என்று கீபோர்டில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி கிட்டாரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "மொத பாட்டு நீங்க வாசிங்க அக்கா." நான் மேடைக்கு ஏற்ற உடையில் இல்லை. பருத்திச் சேலை, தோளில் பிள்ளை கக்கிய கறை. வாசிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் டிரம்ஸ் தொடங்கிவிட்டது. வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை. பாட்டு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து கை தட்டல் வந்தது, துண்டுச் சீட்டும் வந்தது. மாஸ்டர் மைக்கை எடுத்தார். "நம்ம குழுவோட தனிச் சவுண்டு! நடுவுல பெட்டியில ஒரு சின்ன ரிப்பேர், இப்ப சரியாயிருச்சு" என்றார்.

ரிப்பேர். நான் செய்த தப்பும் அதில் இல்லை, அவர் செய்ததும் இல்லை, என் பெயரும் இல்லை.

ஜெயா அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே தன் மைக்கை என் பக்கம் நீட்டினார். யாராவது சொல்லி நீட்டினாரா, தானாக நீட்டினாரா, தெரியாது. நான் மேடையில் அதுவரை பேசியதே இல்லை.

"ரிப்பேர் எதுவும் இல்லைங்க. இந்தப் பெட்டியச் செஞ்சது நான். புது பேட்டரி போட்டா இதுக்குச் சத்தம் வராதுன்னு தெரியாம, நானே புதுசு போட்டுக் குடுத்துட்டேன். யாரையும் கெடுக்கணும்னு செய்யல" என்றேன்.

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் எழுந்து, "என்னம்மா, பேட்டரி வேணுமா? ஏலே, அந்தப் புள்ளைக்குப் பேட்டரிக் கட்ட வாங்கிக் குடுங்கலே" என்று சத்தம் போட்டார். சிறிது நேரத்தில் மேடைக்கு இரண்டு டார்ச் லைட் கட்டை வந்து சேர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த முறை அது வெட்கச் சிரிப்பு இல்லை. மேடையில் இருந்த எட்டுப் பேருக்கும் விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாஸ்டர் அடுத்த பாட்டின் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக.

அவர் கடைசிவரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் சொல்வதை நிறுத்தினார். மறுவாரம் ஒத்திகைக்கு ஆள் அனுப்பினார். நான் போனேன். போயிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். போகாமல் இருந்திருந்தால் அவர் சொன்னதே மிஞ்சியிருக்கும் என்று சில நாள் தோன்றும். போய், எல்லோர் நடுவிலும் மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாஸ்டர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு, கல்லூரி லேபில் மிஞ்சிய பாகங்களை வைத்துத் தனக்கென்று ஒன்று செய்தான். இரண்டு மாதத்தில் ஒத்திகைக்குக் கொண்டுவந்தான். அது கரும்பு இல்லை. அடைத்த மூக்கோடு யாரோ அழுகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே தப்பாகப் பற்றவைத்திருக்கிறான் என்றுகூடக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தாயி, உன்னுது மாதிரி வரணும்னு. உன் சவுண்டத்தான எல்லாரும் கேக்காங்க" என்றார்.

எட்டு வருடத்தில் அவர் என் சத்தத்தை என்னுடையது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போது சொல்கிறார் பாருங்கள், இன்னொருவன் தலையில் தட்டுவதற்கு.

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். திருத்த வேண்டிய இடம் எனக்கு நன்றாகவே தெரியும். "அவன் வாசிக்கட்டும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன்.